எம்.பி.யின் துண்டும் எங்கள் உத்தியோகமும்

அல் குசைஸில் நாங்கள் ஆறு பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேர் யாழ்ப்பாணம், ஒருவர் மட்டக்களப்பு, ஒருவர் பதுளைப் பக்கத்துத் தோட்டம், இரண்டு பேர் தமிழ்நாடு. கூப்பிடு தூரத்தில் சார்ஜா எல்லை. சமையலுக்கு முறை வைத்திருக்கிறோம். அரசியலுக்கு அப்படி முறை எதுவும் இல்லை. லீவு நாள் இரவில் சோறு வடித்து முடிந்ததும் அது தானாகவே தொடங்கிவிடும்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு, அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி வந்ததும் அரசாங்க உத்தியோகத்தர்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்புகிறார் என்ற செய்தி தொலைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது. விழுப்புரம் பக்கத்துத் தம்பி ஒருவர், ஏசி மெக்கானிக், உடனே சொன்னார்: "நல்லா பண்றான். நம்மள நாளைக்கே விசா கேன்சல் பண்ணி ஏத்தி விடலாம். கவர்மெண்டுக்காரனுக்கு மட்டும் என்ன அண்ணே சாகுற வரைக்கும் பாதுகாப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கச்சேரி வாசலில் கால் கடுக்க நின்றவன், பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு ஆறுமுறை பஸ் ஏறியவன், அடையாள அட்டைக்காக ஒரு கிளாக்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன், அந்த மேசைக்காரன் விழுந்தான் என்று கேட்டால் கொஞ்சம் சந்தோசப்படத்தான் செய்வான். அந்தச் சந்தோசம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அந்தச் சிரிப்பை எங்கள் நாட்டிலும், கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும், ஆட்சியிலிருந்தவர்கள் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் விலையை நாங்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

*

முதலில் 1980 யூலை. இன்றைக்கு யூலை என்றால் எங்களுக்கு 1983 மட்டும்தான். அதற்கு மூன்று வருடங்களுக்கு முந்திய யூலையை நாங்கள் நினைவுநாள் பட்டியலில் சேர்ப்பதில்லை.

1977இல் ஆறில் ஐந்து பெரும்பான்மையுடன் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. மானியங்கள் வெட்டப்பட்டன. விலை ஏறியது, சம்பளம் ஏறவில்லை. தொழிற்சங்கங்கள் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டன. 1980 யூனில் கொழும்பில் நடந்த மறியலின்போது சோமபால என்ற தொழிலாளி குண்டர்களின் தாக்குதலில் கொல்லப்பட்டார். யூலையில் பொது வேலைநிறுத்தம் வந்தது. அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தை எடுத்தது, அத்தியாவசிய சேவை என்றது, வேலைக்கு வராதவர்கள் எல்லோரும் பதவியைத் தாங்களாகவே விட்டு விலகியவர்களாகக் கருதப்படுவர் என்றது. சுமார் 40,000 பேர் ஒரே வீச்சில் தெருவுக்கு வந்தார்கள்.

அந்த வார்த்தையைக் கவனியுங்கள்: 'தாங்களாகவே விலகியவர்கள்'. விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. நீக்கினோம் என்று சொல்லக்கூட அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை. கொலை செய்துவிட்டு, செத்தவனே செத்துக்கொண்டான் என்று எழுதிவைப்பதுபோல.

நான் 1994இல் முதன்முதல் துபாய்க்கு வந்தபோது எங்களோடு ஓர் ஐயா இருந்தார். கட்டடக் கம்பெனி ஒன்றில் ரைம்கீப்பர். அதற்கு முந்திய வாழ்க்கையில் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். யூலை வேலைநிறுத்தத்தில் வேலை போனவர். தினமும் காலையில், வெயில் ஏறுமுன், ஆட்களின் இலக்கங்களை அவர் எழுதும் கையெழுத்தைப் பார்க்கவேண்டும், அச்சடித்தது போலிருக்கும். "தம்பி, நான் வேலையைவிட்டு விலகினனான் எண்டு அவங்கள் எழுதிப்போட்டாங்கள். பதினெட்டு வருச சேவிசை நான் எப்பவடா விட்டனான்?" என்று கேட்பார். அவருக்கு ஓய்வூதியம் போயிற்று, மகளின் சம்பந்தம் ஒன்று குழம்பிற்று, சொந்த ஊரில் 'அரசாங்கத்தோடு கொழுவிய மனுசன்' என்று பெயரும் வந்தது. அந்தக் காலத்தில் தற்கொலை செய்துகொண்ட வேலைநிறுத்தக்காரர்கள் உண்டு. முறையீடு செய்து, கெஞ்சி, பல வருடங்களில் பகுதி பகுதியாகத் திரும்ப எடுக்கப்பட்டவர்கள் உண்டு. எடுக்கப்படாமலே முதுமை அடைந்தவர்களும் உண்டு.

எங்களவர்கள் அன்று என்ன சொன்னார்கள் என்று ஐயாவிடம் கேட்டேன். "அது சிங்களவன்ரை சம்பளப் பிரச்சினை, உனக்கேன் எண்டு கேட்டவை" என்றார். இதை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் உறைக்கிறது.

அந்த 40,000 பேருடன் இலங்கையில் ஏதோ ஒன்று முறிந்தது. சிங்களவனும் தமிழனும் முஸ்லிமும் ஒரே கோரிக்கையில் ஒரே வாசலில் நிற்கக்கூடிய கடைசி இடங்களில் ஒன்று அந்தத் தொழிற்சங்கம். 1947 பொது வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டில் விழுந்தவர் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர். அவருடைய பெயரைப் பல்லாண்டுகள் நினைவுகூர்ந்தவர்களில் பெரும்பாலானோர் சிங்களத் தொழிற்சங்கவாதிகள். 1980இல் அந்த முதுகெலும்பை உடைத்தபின் கொழும்பில் எஞ்சியது ஆளுங்கட்சியின் ஜாதிக சேவக சங்கமய. அதன் தலைவர் சிறில் மத்தியூ. மூன்று வருடம் கழித்து வாக்காளர் பட்டியலோடு தமிழர்களின் வீடு தேடி வந்தவர்களுக்குப் பின்னால் அந்தச் சங்கத்தின் ஆட்கள் நின்றார்கள் என்பது பரவலாக வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. 1980 யூலையில் நாங்கள் 'எனக்கேன்' என்றோம். 1983 யூலையில் எங்கள் கதவு தட்டப்பட்டபோது, தடுத்து நிற்கக்கூடிய அமைப்பு தெருவில் இல்லை. இது முழு விளக்கமாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதைச் சேர்க்காமல் சொல்லும் எந்த விளக்கமும் அரைகுறைதான்.

*

இன்னொரு கதையும் உண்டு. அது அரசாங்கம் யாரை நீக்கவில்லை என்ற கதை.

1982 சர்வசன வாக்கெடுப்புக் காலத்தில், மதகுருமாரின் அமைப்பொன்று அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களை ஒரு பொலிஸ் அத்தியட்சகர் கைப்பற்றினார். அது அடிப்படை உரிமை மீறல் என்று 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடு கட்டச் சொன்னது. அரசாங்கம் அந்தப் பணத்தைத் தானே கட்டி, அவருக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. அதே வருடம், இடதுசாரித் தலைவி விவியன் குணவர்த்தனாவைச் சட்டவிரோதமாகக் கைது செய்த வழக்கிலும் நீதிமன்றம் பொலிஸாரின் பிழையைக் கண்டது. அந்த அதிகாரிக்கும் பதவி உயர்வு. தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளின் வீடுகளுக்கு முன்னால் குண்டர்கள் போய்க் கூச்சலிட்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 300 ரூபா கேட்டவன், விசாரணையின்றி வெளியே. பிரசையின் உரிமையை மீறினான் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமே சொன்னவன், ஒரு படி மேலே. அரசாங்க உத்தியோகத்தருக்குப் பாதுகாப்புக் கொடுத்தால் அநியாயம் செய்தவர்கள் தப்பிவிடுவார்கள் என்று வாதாடும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அநியாயம் செய்பவனைக் காப்பாற்றுவது சட்டத்தின் பாதுகாப்பு அன்று, எஜமானின் பாதுகாப்பு. எஜமானின் விருப்பத்தால் ஒருவனை நீக்கலாம் என்றால், எஜமானின் விருப்பத்தால் ஒருவனை வைத்திருக்கவும் முடியும். இரண்டும் ஒரே கத்தியின் இரண்டு பக்கம்.

*

இது எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரனிடமிருந்து என்று சொல்லித் தப்புவது எளிது. மன்னரின் விருப்பம் உள்ளவரைதான் உத்தியோகம் என்பது பிரித்தானியச் சட்டத்தின் பழைய கோட்பாடுதான். இந்திய அரசியலமைப்பின் 310ஆம் உறுப்புரை அதை அப்படியே எழுதிவைத்திருக்கிறது. உடனே 311இல், விசாரணையின்றி நீக்கக்கூடாது என்று கடிவாளமும் போட்டிருக்கிறது. எங்கள் சோல்பரி அரசியலமைப்பிலும் ஒரு பொதுச்சேவை ஆணைக்குழு இருந்தது. நியமனமும் நீக்கமும் மந்திரிமாருக்கு வெளியே நின்றன. அந்த ஏற்பாட்டை இல்லாமல் செய்தது வெள்ளைக்காரன் அல்லன், எங்கள் குடியரசு. 1972 அரசியலமைப்பு உத்தியோகத்தர்களை மந்திரிசபையின் கீழே கொண்டுபோனது. 1978 அரசியலமைப்பும் அங்கேயே வைத்தது. அன்று தொடங்கி ஒவ்வொரு தேர்தலும் ஒரு சந்தையாக மாறியது. எம்.பி. ஒரு சிறு கடதாசியில் பெயர் எழுதிக் கொடுத்தால் வேலை. அந்தத் துண்டு இல்லாவிட்டால் பட்டதாரிக்கும் வீட்டுத் திண்ணைதான்.

2001இல் 17ஆவது திருத்தம் சுயாதீன ஆணைக்குழுக்களைக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அவற்றின் நியமனத்தை ஜனாதிபதியின் கையில் திருப்பிக் கொடுத்தது. 2015இல் 19ஆவது மீட்டது, 2020இல் 20ஆவது பறித்தது, 2022இல் 21ஆவது மறுபடி கொடுத்தது. ஒரு நாட்டின் உத்தியோகத்தர்கள் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்பதை இருபத்தொரு வருடத்தில் ஐந்து முறை மாற்றி எழுதினால், அந்த மேசையில் இருப்பவன் எந்தத் தைரியத்தில் ஒரு மந்திரியின் தம்பிக்கு 'இல்லை' என்று சொல்லுவான்?

தமிழனுக்கு இதில் தனியான ஒரு கணக்கும் உண்டு. கோடீஸ்வரன் வழக்கு எங்களில் எத்தனை பேருக்கு இன்று ஞாபகம்? ஒரு தமிழ் எழுதுவினைஞர். சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று 1962இல் அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் தெருவில் கோசம் போடவில்லை, வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, சிறுபான்மையினருக்கெதிராகப் பாரபட்சம் காட்டும் சட்டத்தை இயற்றக்கூடாதென்ற 29ஆம் பிரிவைக் காட்டி, தனிச்சிங்களச் சட்டமே செல்லாது என்றது. 1967இல் உச்ச நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடவேயில்லை. அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக அரசுக்கெதிராக வழக்காட முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில், வழக்காட முடியும் என்று அந்தக் கதவைத் திறந்து, மொழிச் சட்டத்தின் கேள்வியை மீண்டும் விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவேயில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவும் போயிற்று.

ஒரு கிளாக்கரின் சம்பள உயர்வு! ஆனால் அந்தச் சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் தனிச்சிங்களச் சட்டத்தின் கழுத்துவரை ஏறினார். பாராளுமன்றத்தில் எங்கள் தலைவர்கள் பேசிய பேச்சுக்களால் முடியாததை ஓர் எழுதுவினைஞரின் வழக்கு கிட்டத்தட்டச் செய்து முடித்தது. உத்தியோகத்தருக்குச் சட்டப் பாதுகாப்பு என்பது ஏதோ கந்தோர்க்காரரின் சலுகை என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை வாசிக்கவேண்டும். அந்தப் பாதுகாப்பு ஒரு முழுச் சமூகத்துக்கும் வாசலாக இருந்தது. அதனால்தான் அந்த வாசலை இடித்தார்கள்.

1983 ஆகஸ்டில் வந்த 6ஆவது திருத்தத்தையும் சொல்லவேண்டும். பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று அரசாங்க உத்தியோகத்தர்கள் சத்தியம் செய்யவேண்டும். கூட்டணி எம்.பி.க்கள் மறுத்து ஆசனத்தை இழந்தார்கள். அதற்கு மரியாதை கிடைத்தது. வீடு எரிந்து, அகதி முகாமிலிருந்து திரும்பி, அடுத்த மாதச் சம்பளத்துக்காக அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்த தமிழ் ஆசிரியருக்கும் தபால்காரருக்கும் எங்களில் சிலர் கொடுத்தது ஏளனம். நாக்கைப் பணயம் வைத்தவனை வாழ்த்தலாம். அடுப்பைப் பணயம் வைக்கச் சொல்லி மற்றவனைக் கேட்கும் உரிமை எங்களுக்கு யார் தந்தது?

*

ஏசி மெக்கானிக் தம்பிக்கு இலங்கைக் கதை அலுத்திருக்கும். அவருக்கு அவருடைய ஊர்க் கதையையே எடுத்தேன். அவருடைய அக்கா மக்கள் நலப் பணியாளராக இருந்தவர் என்பது எனக்குத் தெரியும்.

எம்மவர்க்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். 1989இல் தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு ஊராட்சிகளில் மக்கள் நலப் பணியாளர்கள் என்று ஒரு பதவியை உண்டாக்கி, படித்து வேலையற்றிருந்த கிராமத்துப் பிள்ளைகளைச் சொற்பத் தொகுப்பூதியத்தில் நியமித்தது. 1991இல் அ.தி.மு.க. வந்தது, அத்தனை பேரையும் நீக்கியது. 1996இல் மீண்டும் தி.மு.க.; 1997இல் திரும்ப எடுத்தது. 2001இல் அ.தி.மு.க.; மீண்டும் நீக்கம். 2006இல் தி.மு.க.; மீண்டும் நியமனம். 2011 நவம்பரில் அ.தி.மு.க. மூன்றாம் முறையாக நீக்கியது. அப்போது அவர்கள் பதின்மூவாயிரத்துக்கும் மேல். வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று இழுபட்டது. 2022இல் தி.மு.க. அரசு மாதம் 7,500 ரூபாய்க்கு, ஊரக வேலைத் திட்டத்தோடு சேர்த்து, மறுபடி வேலை தர முன்வந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 1989இல் இருபத்தைந்து வயதில் சேர்ந்த ஒரு பெண் அப்போது ஐம்பத்தொன்பது வயதில் நின்றிருப்பாள். அவளுடைய உழைக்கும் காலம் முழுவதும் கோட்டையில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்துப் பார்த்தே போயிற்று.

"உங்க அக்கா என்ன தப்புச் செய்தா?" என்று கேட்டேன். தம்பி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு உண்மையைச் சொன்னார். "தப்பு ஒண்ணும் இல்ல அண்ணே. ஆனா அந்த வேலையும் சும்மா கிடைக்கல. ஒன்றியத்துல துண்டு போட்ட ஒருத்தர் சொல்லித்தான் கிடைச்சுது."

எங்கள் ஊரில் துண்டு என்றால் எம்.பி. எழுதித் தரும் கடதாசி. அவருடைய ஊரில் துண்டு என்றால் கட்சிக்காரர் தோளில் கிடக்கும் கரைவேட்டித் துண்டு. இரண்டு நாட்டு அரசியலையும் ஒரே சொல் தாங்குகிறது என்று சொல்லிச் சிரித்தோம். ஆனால் தம்பி சொன்னதுதான் இந்த விவாதத்தின் முடிச்சு என்று எனக்குப் பட்டது. எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதமும் அதுதான்: அவர்களே அரசியலால் வந்தவர்கள், அரசியலால் போனால் என்ன?

என் பதில் இது. துண்டால் உள்ளே வந்தவனைத் துண்டால் வெளியேற்றும்போது, அந்த வேலைக்குத் தகுதியான மூன்றாமவன் ஒருவன் உள்ளே வருவதில்லை; அடுத்த துண்டுக்காரன்தான் வருகிறான். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்கதவால் ஆட்களைத் தள்ளுவது துப்புரவு ஆகாது. நியமனம் பரீட்சையாலும் பகிரங்கமாகவும் நடக்கவேண்டும். நீக்கம் குற்றச்சாட்டாலும் விசாரணையாலும் நடக்கவேண்டும். ஒன்றில்லாமல் மற்றது நிற்காது. அமெரிக்காவுக்கும் இது புதிதில்லை. வெற்றி பெற்ற கட்சி உத்தியோகங்களைத் தன் ஆட்களுக்குப் பங்கு போடும் வழக்கம் அங்கே பல்லாண்டு இருந்தது. 1881இல் ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டவன், பதவி கேட்டுக் கிடைக்காத ஒரு கட்சி ஆதரவாளன். அதற்குப் பிறகுதான், 1883இல், பரீட்சை மூலம் நியமனம் செய்யவும் கட்சிக்காக வேலை செய்ய மறுத்தவனை நீக்காதிருக்கவும் பென்டில்டன் சட்டம் வந்தது. அவர்கள் ஒரு ஜனாதிபதியைப் பறிகொடுத்துக் கற்ற பாடத்தைத்தான் இப்போது அழித்து எழுதப் பார்க்கிறார்கள்.

2003 யூலையையும் விடமுடியாது. ஓய்வூதியச் சலுகைகள் வெட்டப்பட்டதற்கு எதிராகத் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெயலலிதாவின் அரசு அவசரச் சட்டம் போட்டுச் சுமார் 1,70,000 பேரை ஒரே அடியில் நீக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையுமில்லை, தார்மீக உரிமையுமில்லை என்று அந்த ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலானோர் திரும்ப எடுக்கப்பட்டார்கள், மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்த பின்பு. அன்று பொதுமக்களில் பலர் கைதட்டினார்கள். 'இவங்களுக்கு நல்லா வேணும்' என்றார்கள். ஆனால் அடுத்த நாள் கந்தோரில் லஞ்சம் குறைந்ததா? கோப்பு நகர்ந்ததா? நடந்தது ஒன்றுதான்: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, மேலே இருப்பவரைக் கோபப்படுத்தினால் என்ன நடக்கும் என்பது புரிந்தது. பயந்த கிளாக்கர் சுறுசுறுப்பான கிளாக்கர் ஆவதில்லை. அவர் பயத்தைக் கீழே நிற்பவனிடம் இறக்கிவைக்கிறார். கீழே நிற்பவன் நீங்களும் நானும்.

*

இனி எங்கள் பக்கத்து அழுக்கையும் சொல்லாமல் விட்டால் இது கட்டுரையாகாது.

அரசாங்கம் சம்பளத்தைப் பறித்தது. எங்கள் இயக்கங்கள் வைத்திருந்தது வேறு ஆயுதம். கொழும்பு சம்பளம் கொடுக்க, இயக்கம் உத்தரவு கொடுக்க, இரண்டுக்கும் நடுவில் வடகிழக்கில் கச்சேரிகளையும் ஆஸ்பத்திரிகளையும் நடத்திய உத்தியோகத்தர்களுக்கு, ஒரு பக்கத்திலிருந்து விசாரணைக் கடிதம் வரும், மறுபக்கத்திலிருந்து இரவில் ஆள் வரும். துரோகி என்ற சொல்லுக்கு மேன்முறையீடு கிடையாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, அவர்களுக்குள் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் இருந்தார்கள். அரசியல் காரணத்துக்காக ஒருவனை அவனுடைய மேசையிலிருந்து எழுப்பிவிடுவது என்பதன் மிகக் கொடிய வடிவத்தை நாங்களும் செய்திருக்கிறோம் அல்லது செய்தபோது வாய் மூடியிருந்திருக்கிறோம். 'சிங்களவன்ரை சம்பளப் பிரச்சினை' என்று சொன்ன அதே வாய்தான்.

ஆகவே நான் கேட்கும் பாதுகாப்பு தமிழனுக்கான பாதுகாப்பு மட்டுமல்ல. அது கொழும்புக்கு எதிராகவும் செல்லவேண்டும், நாளை எங்கள் கையில் ஒரு மாகாணமோ வேறெதுவோ வந்தால் எங்களுக்கு எதிராகவும் செல்லவேண்டும். எங்களுக்கு எதிராகச் செல்லாத நீதியைக் கேட்பவன் நீதி கேட்கவில்லை, ஆசனம் கேட்கிறான்.

*

கடைசியாக, தம்பியின் முதல் கேள்விக்கு வருகிறேன். எங்களுக்கு இல்லாத பாதுகாப்பு அவர்களுக்கு ஏன்?

அரசாங்க உத்தியோகத்தன் எங்களைவிடப் பெரிய மனிதன் என்பதால் அல்ல. ஏசி மெக்கானிக்கின் முதலாளி அவரைப் பிழையான காரணத்துக்காக நீக்கினால் ஒரு குடும்பம் பாதிக்கப்படும், அது அநியாயம். வாக்காளர் பட்டியலை எழுதுபவனை, காணிப் பதிவுப் புத்தகத்தை வைத்திருப்பவனை, சவப் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்து வைக்கும் டாக்டரை ஒரு மந்திரி நினைத்தவுடன் நீக்கலாம் என்றால், அந்தப் புத்தகத்தில் பெயருள்ள அத்தனை பேரும் பாதிக்கப்படுவார்கள். அந்த டாக்டர் 'இது துப்பாக்கிச் சூடு' என்று எழுதத் துணியவேண்டுமானால், எழுதிய மறுநாளும் அவருக்குச் சம்பளம் வரும் என்ற உறுதி வேண்டும். எங்கள் நாட்டில் காணாமல் போனவர்களின் தாய்மார் எந்தக் கந்தோரில் போய் நின்றாலும் அவர்களுக்குத் தேவைப்பட்டது அப்படிப்பட்ட ஒரு கையெழுத்துத்தான்.

2016இல் துருக்கியில் சதிப்புரட்சி முயற்சி ஒன்று தோற்றபின், அவசர ஆணைகளால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசாங்க ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். ஆசிரியர்கள், நீதிபதிகள், பேராசிரியர்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டில் 'இல்லை' என்று எழுதக்கூடிய பேனா எத்தனை மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் இருக்கும் இந்த நாட்டில் சங்கம் வைக்க முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அப்படியிருந்தும், 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டம், அமைச்சில் உண்மையான முறைப்பாடு செய்ததற்காகத் தொழிலாளியை நீக்குவது சட்டவிரோதம், மூன்று மாதச் சம்பளம் வரை நட்டஈடு கொடுக்கவேண்டிவரும் என்று எழுதிவைத்திருக்கிறது. எழுதியது எல்லாம் நடப்பதில்லை என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எழுதப்பட்டிருக்கிறது. பாலைவனத்தில் ஒரு தனியார் கம்பெனிக்கு முன்னால் ஒரு தொழிலாளிக்குக் காகிதத்திலாவது உள்ள மரியாதை, சோசலிசக் குடியரசு என்று பெயர் வைத்துக்கொண்ட நாட்டில் 40,000 பேருக்குக் கிடைக்கவில்லை. தம்பி, உனக்குப் பாதுகாப்பு இல்லை என்றால் உனக்குப் பாதுகாப்புக் கேள். அக்காவுடையதைப் பறிப்பதால் உன் விசாவில் ஒரு நாள்கூடக் கூடப்போவதில்லை.

சோம்பேறிக் கிளாக்கரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். விசாரித்து நீக்குங்கள். லஞ்சம் வாங்கியவனை வழக்குப் போட்டு உள்ளே போடுங்கள். சித்திரவதை செய்த பொலிஸ்காரனுக்கு ஓய்வூதியமும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள், அவனைப் பேச விடுங்கள், மந்திரிக்கு வெளியே உள்ள ஒருவர் தீர்ப்புச் சொல்லட்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். இதைப் பெரிய கோரிக்கை என்று எந்த அரசாங்கம் சொல்கிறதோ, அதற்கு வேலைக்காரர் தேவையில்லை, அடியாட்கள் தேவை.

ரைம்கீப்பர் ஐயா 1997இல் ஊருக்குப் போனார். போகும்போது ஒரு பழைய கடித உறையைத் தன் சூட்கேசின் அடியில் வைத்ததைப் பார்த்தேன். என்ன ஐயா என்று கேட்டேன். "அப்பீல்" என்றார். பதினேழு வருடமாகியும் இன்னும் ஒரு முறையீடு அனுப்பிக்கொண்டிருந்தார். காசுக்காகவல்ல என்றார். தான் வேலையைவிட்டு விலகவில்லை என்று யாராவது ஓர் அதிகாரி ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றார்.

அந்த ஒரு வரியை எழுதும் துணிவு எந்த அதிகாரிக்கும் இல்லாமற் போனது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் கேட்ட கேள்வி.